சனிக்கிழமை மாலை மாசி வீதி நடை

நண்பர்களுக்கு வணக்கம். வரும் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு விளக்குத்தூண் அருகே கூடுவோம். பிறந்ததிலிருந்து மதுரையில் இருந்தும் பாதி வீதிகளை வண்டியில் தாண்டிப் போனதோடு சரி என்று போன வாரம் பலரும் சொன்னீர்கள். அதனால் இந்த முறை முழுக்க நடைதான்.

முதலில் கீழமாசி வீதி மளிகை மொத்தக்கடைகள். மல்லியும் மிளகாயும் மணக்கிற தெரு அது, அவசரப்படாமல் பார்ப்போம். அப்புறம் குன்னத்தூர் சத்திரம். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் தலைமுறையாகத் தைத்துக்கொண்டிருந்த தையல்காரர்கள் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள். இடம் மாறியபின் பழைய கூட்டம் இல்லை என்கிறார்கள். தைக்க வேண்டிய துணி இருந்தால் கையோடு கொண்டு வாருங்கள். நாம் போகாமல் வேறு யார் போவார்கள்?

திரும்பும்போது பருத்திப்பால். ஜிகர்தண்டாவை வெளியூர்க்காரர்கள் எப்படியும் தேடி வந்து குடித்துவிடுவார்கள். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சுகிற தள்ளுவண்டிக்காரருக்கு உள்ளூர்க்காரர்கள்தான் துணை. என்னைக் கேட்டால் மாலை நேரத்துக்கு அதைவிட நல்லது இந்த ஊரில் இல்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு சிம்மக்கல் பக்கம் கறி தோசை. சைவம் சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லுங்கள், பக்கத்திலேயே இட்லிக்கடை பார்த்து வைக்கிறேன்.

சில்லறை எடுத்து வாருங்கள், தள்ளுவண்டியில் தேவைப்படும். வண்டியைப் பெரியார் பேருந்து நிலையம் பக்கம் விட்டுவிட்டு வந்தால் நல்லது. வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கேயே பெயர் போடுங்கள்.