அப்பா மீண்டும் கறி உண்ட ஞாயிறு

உறவினர்களுக்கும் தெருவாருக்கும் வணக்கம்.

பற்களை எடுத்ததிலிருந்து 7 மாதங்களாக மாட்டுக்கறியைத் தொட முடியாமல், களியைக் குழம்பில் தோய்த்து விழுங்கி வந்த என் தந்தையார், சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் காவேரிப்பட்டினம் வீட்டில் இரண்டு முறை கேட்டு வாங்கிக் கறி உண்டார். அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கைகொடுத்தவர்களுக்கு எல்லோரும் அறிய நன்றி சொல்ல வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

இந்தச் சமையலை எனக்கு அறிமுகப்படுத்தியவர், டெக்ஸாஸில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இப்போது ஓசூரில் இருக்கும் என் நண்பர். மாட்டுக்கறியைக் காய்ந்த மிளகாய் விழுதில் மணிக்கணக்காக வேகவிடும் ‘சில்லி’யை 1977-இல் தன் அதிகாரப்பூர்வ உணவாக அறிவித்த அமெரிக்க மாநிலம் டெக்ஸாஸ். அங்கே பலர் அதில் ராஜ்மா சேர்ப்பதை ஏற்பதில்லை என்றும் அவர் சொன்னார். தந்தையாருக்குப் பிடிக்கும் என்பதால் நான் சேர்த்தேன்.

கறிக்கடை பாய்க்கு நான் பட்ட கடன் பெரிது. வறுவலுக்கு வழக்கமாகக் கேட்கும் தொடைக்கறியைத் தராமல், தோள்பக்கத்தில் வெள்ளை நார் ஓடிய கறியாக 2 கிலோ எடுத்து வைத்து, “இது சீக்கிரம் வேகாதுங்க, ஆனா வெந்துச்சுன்னா வெண்ணெய்ங்க” என்றார். உழைத்த தசையிலுள்ள கொலாஜன் என்னும் நார்ப்புரதம், மெல்லிய கொதியில் நேரம் செல்லச் செல்ல ஜெலட்டினாகக் கரைந்து, கறியை மிருதுவாக்கிக் குழம்பையும் கெட்டியாக்குகிறது என்பதை மூன்றாம் மணி நேரத்தில்தான் கண்ணால் கண்டேன்.

எதிர்வீட்டு அக்கா, ஓய்வுபெற்ற செவிலியர், செய்த உதவியை மறக்கவே முடியாது. முதல் முயற்சியில் ஊறிய ராஜ்மாவை அப்படியே கறியோடு போட்டுத் தணலில் விட்டதால், ருசி பார்த்த நானும் தம்பியும் அன்றிரவு வாந்தியெடுத்துத் துவண்டோம். தந்தையாருக்கு அதைப் பரிமாறாதது எங்கள் நல்ல காலம். சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப்பொருள் உண்டு, இளஞ்சூட்டில் அது அழியாது, ஆகவே இரவு முழுதும் ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்டு, நன்றாக வெந்த பிறகே சட்டியில் சேர்க்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித் தந்தவர் அவர்தாம்.

ராயக்கோட்டைச் சந்தையிலிருந்து தக்காளி கொண்டுவந்த மாமாவுக்கும், காரம் குறைந்து நிறம் மிகுந்த பேடகி மிளகாயைச் சீரகத்தோடும் பூண்டோடும் அரைத்துத் தந்த அத்தைக்கும் நன்றி. ஒரேயடியாகக் கொட்டினால் கறி நீர்விட்டு வெந்துபோகும் என்பதால், இரும்பு வாணலியில் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுச் சிவக்க வறுத்தவன் தம்பி.

தன் மண்சட்டியைத் தந்ததோடு, விறகை இழுத்துவிட்டுத் தணலை மட்டும் நிறுத்தி, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி எழும்பினால் போதும் என்று மூன்று மணி நேரமும் அடுப்படியில் உடனிருந்தார் பெரியம்மா. அவர்தான் முதல் துண்டைத் தந்தையார் தட்டில் வைத்தார். தந்தையார் அதைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினார். கறி இழை இழையாகப் பிரிந்தது. சிறிது நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு, களியோடு சேர்த்து வாயில் வைத்தார்.

பெரியம்மா, சட்டியைச் சீயக்காய் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு நேரில் கொண்டுவந்து தருகிறேன். அப்பாவும் உடன் வருவதாகச் சொல்கிறார்.

நன்றியுடன்,
காவேரிப்பட்டினத்திலிருந்து உங்கள் வீட்டுப் பிள்ளை