எங்கள் கல்லூரி ஆலோசனை மையத்திற்கும் உடன்நின்றவர்களுக்கும் நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கும், வகுப்பாசிரியர் ஐயா அவர்களுக்கும், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவினருக்கும், விடுதித் தோழர்களுக்கும் வணக்கம்.

இந்தப் பருவத்துடன் பொறியியல் படிப்பை முடித்துச் செல்கிறேன். இரண்டாம் ஆண்டில் உறக்கமும் பசியும் கெட்டு, அரியர் பாடங்கள் சேர்ந்து, விடுதி அறையை விட்டு வெளியே வரவே மனமின்றிக் கிடந்த என்னை மீட்டவர்கள் நீங்கள். நேரில் சொன்ன நன்றியைப் பொதுவிலும் எழுதுவது, இன்று அதே நிலையில் இருக்கும் தம்பி தங்கையர் கண்ணில் இது படவேண்டும் என்பதற்காகவே.

என் மாற்றத்தை முதலில் கவனித்தவர் அறைத்தோழர். மெஸ்ஸிலிருந்து எனக்கும் சோறு எடுத்து வந்தவரும், ஒரு நள்ளிரவில் 14416 என்ற எண்ணை அழைத்துக் கைப்பேசியை என்னிடம் நீட்டியவரும் அவரே. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் எண் அது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இயங்கும் அச்சேவையில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அன்று அவசரப்படுத்தாமல் கேட்டு, கல்லூரி ஆலோசகரைப் பார்க்கும்படி சொன்ன அந்தப் பெயர் தெரியாத அக்காவுக்கும் என் நன்றி.

ஆலோசகர் அம்மா, என்ன பிரச்சினை என்று கேட்பதற்கு முன்பே, நான் பேசுவது என் சம்மதமின்றித் துறைத்தலைவருக்கோ பெற்றோருக்கோ போகாது என்றும், உயிருக்கு ஆபத்து என்று கருதினால் மட்டும், அதையும் என்னிடம் சொல்லிவிட்டே, பிறரிடம் பேசுவார் என்றும் விளக்கினார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களின் இரகசியத்தை நோயரின் உரிமையாக்கியிருப்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். அந்த உறுதி கிடைத்திராவிட்டால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் நல்ல மதிப்பெண்களுடன் படித்துவந்த நான், ஆங்கில விரிவுரைகள் பிடிபடாததை என் அறிவின் குறை என்றே முடிவுசெய்திருந்தேன். அந்த முடிவை அவர் மறுத்துப் பேசவில்லை, அதற்கு என்ன ஆதாரம் என்று ஒவ்வொரு வாரமும் என்னையே எழுதிவரச் செய்தார்.

பேச்சு மட்டும் போதாது என்று தெரிந்ததும் தயங்காமல் அரசு மருத்துவமனைக்கு அனுப்பியதும் அவர்தான். மாத்திரையின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், தேறியதாகத் தோன்றினாலும் தானாக நிறுத்தக்கூடாது என்பவற்றை மருத்துவர், என் சம்மதத்துடன், என் பெற்றோருக்கும் பொறுமையாக விளக்கினார். வகுப்பாசிரியர் ஐயாவோ, காரணத்தைத் துருவாமலே மருத்துவச் சான்றிதழை வைத்து வருகைப்பதிவுக் குறைவுக்கு விலக்குப் பெற்றுத் தந்தார்.

நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுமுன்பே அதைச் செய்திருந்த நிர்வாகத்திற்கு நன்றி கூறுவதோடு, ஆய்வக வகுப்புகள் முடிவதற்குள் மையத்தைப் பூட்டிவிடாமல் மாலையிலும் சிறிது நேரம் திறந்திருக்கச் செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

என்றும் நன்றியுடன்,
இறுதியாண்டு மாணவன், இயந்திரப் பொறியியல் துறை