கோல்கீப்பரின் பூட்ஸ்: வட்டத்து மண்ணைப் பார்த்து வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் இடம்பெறப் போவது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். 2023 அக்டோபரில் மும்பையில் நடந்த ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டத்தில் அதோடு லாக்ராஸும் சேர்க்கப்பட்டது பலர் கண்ணில் படவில்லை. நுனியில் வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் போடும் ஆட்டம் அது; 1904, 1908 ஒலிம்பிக்குகளில் அதற்குப் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள். 120 வருஷம் கழித்து, அணிக்கு ஆறு பேர் ஆடும் ‘சிக்ஸஸ்’ வடிவில் திரும்பி வருகிறது. இதை டெல்டா மாவட்டப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நினைக்கும் உடற்கல்வி ஆசிரியர்களும் பெற்றோரும் ஒரு விஷயத்தைத் தொடக்கத்திலேயே சரியாகச் செய்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம். அது கோல்கீப்பரின் பூட்ஸ்.

பள்ளிகளிலும் கிளப்புகளிலும் பூட்ஸ் வாங்கும் விதம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கடையில் ஒரே மாடலை எடுத்து, அளவை மட்டும் மாற்றி, டஜன் கணக்கில் பில் போட்டுவிடுவார்கள். ஓடி ஆடும் ஐந்து பேருக்கு அது ஓரளவு ஒத்துப்போகும். கீப்பருக்கு ஒத்துப்போகாது. அவர் நிற்கும் மண் வேறு, அவர் கால் செய்யும் வேலை வேறு, காலில் வந்து விழும் அடியும் வேறு.

மண்ணிலிருந்து ஆரம்பிப்போம். சிக்ஸஸ் மைதானம் 70 மீட்டர் நீளம், 36 மீட்டர் அகலம். கோல் 6 அடிக்கு 6 அடி. அதைச் சுற்றி 3 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம். கீப்பரின் ஆட்டம் பெரும்பாலும் அதற்குள்தான். மைதானத்தின் நடுவில் அருகம்புல் பச்சென்று இருந்தாலும், வட்டத்துக்குள் புல் நிலைக்காது. தினமும் ஒரே இடத்தில் நின்று அரைத்து, இரண்டு பாதமும் ஊன்றும் இடத்தில் சட்டியைப் பதித்து எடுத்த மாதிரி இரண்டு பள்ளம் விழுந்திருக்கும். வாங்குகிறவர்கள் நடுமைதானத்துப் புல்லைப் பார்த்து பூட்ஸ் வாங்குகிறார்கள். கீப்பருக்கு வாங்கும்போது பார்க்க வேண்டியது அந்தப் பள்ளத்தை.

கும்பகோணம், வலங்கைமான், மன்னார்குடி, திருவாரூர் பக்கம் தரை களிமண் கலந்த வண்டல். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சித்திரை, வைகாசியில் குனிந்து பார்த்தால் வட்டத்துக்குள்ளேயே விரல் நுழையும் வெடிப்புகள் இருக்கும். பூட்ஸின் அடியில் துருத்தி நிற்கும் குமிழான ஸ்டட், நீளமாக இருந்து அதில் மாட்டிக்கொண்டால் பாதம் அங்கேயே நிற்கும், உடம்பு மட்டும் திரும்பும். அந்த முறுக்கு முழுவதையும் முழங்கால் தாங்க வேண்டியிருக்கும். இதே தரை ஐப்பசியில் குழைந்து அடியில் அப்பிக்கொள்ளும். வல்லம், செங்கிப்பட்டிப் பக்கம் போனால் செம்மண் சரளை. வருஷம் முழுக்கக் கெட்டிதான், ஆனால் மேலே கிடக்கும் சரளை காலுக்கடியில் உருளும். வேதாரண்யத்து மணலில் எதைப் போட்டாலும் கால் சற்று வாரத்தான் செய்யும். அங்கே இருக்கும் நல்ல விஷயம், கால் சிக்காது.

இப்போது பூட்ஸ். நம் கடைகளில் கிடைப்பது ஃபுட்பால் பூட்ஸ்தான். பெட்டியின் மேலோ நாக்கின் உள்பக்கத்திலோ இரண்டு எழுத்து போட்டிருப்பார்கள். எஃப்.ஜி. என்றால் இறுகிய புல்தரைக்கு. அடியில் 10 முதல் 13 ஸ்டட் வரை, உயரம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். எஸ்.ஜி. என்றால் சேற்றுப் பாங்கான புல்தரைக்கு. பெரும்பாலும் ஆறே ஸ்டட், நீளமானவை, முனையில் உலோகம். ஏ.ஜி. செயற்கைப் புல்லுக்கு. டி.எஃப். என்பது டர்ஃப் ஷூ. அடி முழுக்கச் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள் நெருக்கமாக இருக்கும்.

கீப்பரின் கால் என்ன செய்கிறது என்று கவனித்தால் இதில் எது வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். பந்து கை மாறக் கை மாற அவர் கோலுக்கு முன்னால் வில் போன்ற கோட்டில் அரையடி, ஓரடியாக நகர்ந்துகொண்டே இருப்பார். எடை முழுவதும் முன்பாதத்தில். பந்து எறியப்பட்ட நொடியில் பின்காலால் உந்தி, அருகிலிருக்கும் காலைப் பந்தை நோக்கிக் குறுக்காக ஓர் எட்டு வைப்பார். எதிரணி ஆள் கோலுக்குப் பின்னால் பந்தோடு போனால் முன்பாதத்தின் மேலேயே சுழன்று திரும்புவார். ஆக, உந்தும்போது வழுக்கக் கூடாது, சுழலும்போது சிக்கக் கூடாது. நீள ஸ்டட் முதலாவதைத் தரும், இரண்டாவதைக் கெடுக்கும். பள்ளிகளில் அமெரிக்கன் ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை) ஆடுகிறவர்களிடம் செய்து 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பாதத்தின் ஓரத்தில் நீள ஸ்டட்டும் உள்பக்கத்தில் குட்டை ஸ்டட்டும் வைத்த பூட்ஸ் போட்டவர்களுக்கு முழங்காலின் முன்குறுக்குத் தசைநார் அதிகம் கிழிந்தது தெரியவந்தது. அதனால் தட்டையான கத்தி மாதிரி ஓர ஸ்டட் உள்ள பூட்ஸைக் கீப்பருக்கு வாங்க வேண்டாம். உருண்டை ஸ்டட் போதும்.

எங்கள் கருத்து இதுதான்: தை முதல் புரட்டாசி வரை காய்ந்த வட்டத்தில் டி.எஃப். ஷூ. மழைக்காலத்துக்கு உருண்டை ஸ்டட் வைத்த எஃப்.ஜி. இரண்டு ஜோடி வாங்க வசதியில்லை என்றால் டி.எஃப். மட்டும் வாங்கிக்கொண்டு, வட்டம் தொளதொளப்பாக இருக்கும் நாட்களில் பயிற்சியை சிமென்ட் தளத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எஸ்.ஜி. வேண்டவே வேண்டாம். கெட்டித் தரையில் அதன் நுனி மட்டும்தான் தொடும். பாதம் உயரத்தில் ஆடும், கணுக்கால் பிசகும், ஸ்டட் குத்தும் இடமெல்லாம் வலிக்கும். 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குக் குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதி இன்னும் ஒட்டிச் சேர்ந்திருக்காது. ஆட்டம் முடிந்து குதிகால் வலி என்று நொண்டும் பிள்ளையைத் திட்டாமல் முதலில் பூட்ஸைத் திருப்பிப் பாருங்கள். போதாததற்கு, பெண்கள் ஆட்டத்தின் விதிகள் கூர்முள் ஷூவை அனுமதிப்பதே இல்லை.

வட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வீட்டுச் சாவி ஒன்று போதும். கீப்பர் நிற்கும் பள்ளத்தில் சாவியை நட்டு, கட்டைவிரலால் அழுத்துங்கள். நுனி மட்டும் இறங்கினால் டி.எஃப். பாதி வரை இறங்கினால் எஃப்.ஜி. முழுச் சாவியும் வழுவழுவென்று உள்ளே போய்விட்டால் அன்று அந்த வட்டத்தில் யாரும் நிற்க வேண்டாம்.

டி.எஃப். ஷூவின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். குமிழ்கள் நெருக்கமாக இருப்பதால் ஈரக் களிமண் இடைவெளியில் அடைத்துக்கொள்ளும். பத்து நிமிஷத்தில் அடிப்பக்கம் மெழுகிய தரை மாதிரி ஆகிவிடும். பிறகு அது வெறும் சறுக்குப் பலகைதான். மழைக்கு ஸ்டட் இடைவெளி அகலமான எஃப்.ஜி. வேண்டும் என்பது இதனால்தான். எதைப் போட்டாலும் கோல் கம்பத்துக்குப் பின்னால் நனைந்த சணல் சாக்கு ஒன்றைப் போட்டு வைத்து, ஆட்டம் நிற்கும்போதெல்லாம் அதில் காலைத் தேய்க்கச் சொல்லுங்கள். ஒட்டியதைத் தோண்டி எடுக்க மூங்கில் சிம்பு நல்லது. கம்பியால் தோண்டினால் ரப்பர் கிழியும்.

அடுத்தது அடி. லாக்ராஸ் பந்து உள்ளே காற்றில்லாத கெட்டி ரப்பர், எடை 142 முதல் 149 கிராம். கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. நல்ல ஆட்டக்காரர்கள் அதை மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல் எறிகிறார்கள். தாழ்வாக எறியப்பட்ட பந்து தரையில் பட்டு நேராகக் கால்விரலில் வந்து விழும். இப்போதைய ஃபுட்பால் பூட்ஸின் மேல்துணி பந்தைக் காலால் உணர்வதற்காகவே மெலிசாகச் செய்யப்பட்டது. கீப்பர் பந்தை உதைக்கப் போவதில்லை, அவருக்கு அந்த மென்மை எதிரி. கடையில் கட்டைவிரலால் ஷூவின் முன்னந்தலையை அழுத்துங்கள். உள்ளே போட்டிருக்கும் விரல் தெரியும் அளவுக்கு அமுங்கினால் வேண்டாம்.

லாக்ராஸுக்கென்றே செய்யும் நியூ பேலன்ஸ் ஃப்ரீஸ், நைக்கி ஹுவராச்சி போன்ற பூட்ஸ் தஞ்சாவூர், கும்பகோணம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்காது. அவற்றின் நுனியில் ஃபுட்பால் பூட்ஸில் இல்லாத ஒரு ஸ்டட் இருக்கும், முன்னோக்கிப் பாய அது உதவும். கணுக்காலுக்குச் சற்று மேலே வரை உயர்ந்த மாடல்களும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அளவில் கவனம் வேண்டும். அமெரிக்க ஆண்கள் அளவு 9 என்பது நம் கடைகளில் ஏறக்குறைய 8. அதற்கெல்லாம் அலைய வேண்டியதில்லை என்பதுதான் எங்கள் எண்ணம். ஹாக்கி டர்ஃப் ஷூ கேளுங்கள். மட்டையும் பந்தும் படும் என்பதால் அதன் விரல் பகுதி கெட்டியாக இருக்கும், அடியில் குமிழ் ரப்பர் இருக்கும், பக்கவாட்டு நகர்வுக்கென்றே செய்தது. லாக்ராஸ் கீப்பருக்குக் காய்ந்த தரையில் இதைவிடப் பொருத்தமானது நம் கடைத்தெருவில் வேறில்லை.

அளவு எடுப்பதைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் பாதம் முழு அளவில் இருக்கும். ஆட்டத்துக்குப் போடும் கனமான சாக்ஸோடு, தாளின் மேல் நின்றபடி, இரண்டு பாதத்தையும் சுற்றிப் பென்சிலால் வரையுங்கள். பெரிய பாதமே கணக்கு. நீளமான விரலுக்கு முன்னால் அரை விரல் அகல இடம் வேண்டும். வளரும் பிள்ளை என்று இரண்டு அளவு கூட்டி வாங்காதீர்கள். ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். இரண்டு அளவு கூடினால் குறுக்கு எட்டு வைக்கும்போது பாதம் ஷூவுக்குள்ளேயே நழுவும், அந்த நழுவலில் பந்து உள்ளே போய்விடும். செருப்பில்லாமல் வரப்பில் நடந்து வளர்ந்த பாதம் முன்புறம் விரிந்திருக்கும். சுண்டுவிரல் பக்கம் துணி விம்மினால் நீளத்தைக் கூட்டாமல் அகலமான மாடலைத் தேடுங்கள்.

கடையிலேயே கீப்பர் மாதிரி முழங்காலை மடக்கி நிற்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் மூன்று எட்டு, முன்பாதத்தில் ஒரு கால்வட்டச் சுழற்சி. குதிகால் தூக்கிக்கொண்டு வந்தால் கடைசித் துளையில் கயிற்றை வளையமாக்கி, எதிர்க்கயிற்றை அதற்குள் கோத்து இறுக்கிப் பாருங்கள். அப்படியும் தூக்கினால் அந்த ஜோடி வேண்டாம். ஷூவைக் கையில் எடுத்து மடக்கினால் விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுப்பாதத்தில் மடங்குவது ஆகாது.

நனைந்த ஷூவை மொட்டை மாடி வெயிலிலோ அடுப்பு ஓரத்திலோ காய வைத்தால் பசை விட்டு அடிப்பாகம் வாய் பிளக்கும். உள்ளட்டையை உருவிவிட்டு, பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, நிழலில் காற்றாட வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தாளை மாற்றுங்கள். புது ஷூவாக இருக்கும்போதே தைக்கிறவரிடம் கொடுத்து அடிப்பாகத்தைச் சுற்றி நைலான் நூலில் ஒரு தையல் போட்டுவிட்டால் ஒரு பருவமாவது கூடுதலாக உழைக்கும்.

வட்டத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். வாரம் ஒருமுறை பள்ளங்களை அதே மைதானத்து மண்ணால் நிரப்பி, தண்ணீர் தெளித்து, மறுநாள் திமிசு போட்டு இறுக்கினால் வெடிப்பு குறையும்.

விளையாட்டுப் பொருள் வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களிடம் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பூட்ஸ் பட்டியலில் கோல்கீப்பருக்குத் தனி வரி போடுங்கள்: ஒரு டர்ஃப் ஷூ, ஒரு உருண்டை ஸ்டட் எஃப்.ஜி., அந்தப் பிள்ளையின் பாதம் வரைந்த தாள் இணைப்பு. ஐப்பசி மழைக்கு முன்னால் ஷூ கைக்கு வர வேண்டுமானால் ஆவணியிலேயே ஆர்டர் போயிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மைதானப் பயிற்சியாளர்கள்,
மன்னார்குடி.