பென்சில் கோடு

லொப்பர்சும்,
குரோனிங்கன், நெதர்லாந்து.
நவம்பர் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். வேலை அதிகம் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், அதனால் எழுதவில்லை.

பூகம்ப ஊரில் போய்க் குடியிருக்கிறேன் என்று அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாமே. பாபுதான் போனில் எதையோ காட்டிக் கிளப்பியிருப்பான். இங்கே வருவதெல்லாம் சின்னச் சின்னக் குலுக்கல். இதுவரை வந்ததில் பெரியதே 2012 ஆகஸ்டில் ஹுய்சிங்கேயில் வந்த 3.6 தான். 2001 செப்டம்பரில் பாண்டிச்சேரிக்கு அப்பால் கடலில் வந்தது 5.5. எண்ணில் இரண்டுகூட வித்தியாசம் இல்லை, சக்தியில் பல நூறு மடங்கு. அம்மாவிடம் இதுவரைக்கும் படித்துக் காட்டினால் போதும்.

மீதி உங்களுக்கு. நம்முடையது எங்கோ கடலில் வந்தது. இங்கே வருவது காலுக்கு நேர்கீழே, மூன்றே கிலோமீட்டரில். 1959-ல் ஸ்லோக்தரன் பக்கம் எரிவாயுவைக் கண்டுபிடித்து, 1963-லிருந்து உறிஞ்சியிருக்கிறார்கள். வாயு போகப்போக அது தங்கியிருந்த மணற்பாறை அமுங்குகிறது, பாறையில் உள்ள பழைய பிளவுகள் சறுக்குகின்றன. மேலே இளகின களிமண். அதன்மேல் கம்பி கட்டாத செங்கல் வீடுகள், நிலம் ஆடும் என்று யாரும் நினைக்காத காலத்தில் கட்டியவை. ஒரே குலுக்கலில் எதுவும் விழுவதில்லை. ஒவ்வொரு தடவையும் அரை நூல், ஒரு நூல் என்று சுவர் வாய் பிளக்கிறது. சின்னது என்றும் லேசாக விட முடியாது. ஸ்பெயினில் லோர்கா என்ற ஊரில் 2011-ல் வந்தது 5.1 தான், ஒன்பது பேர் போய்விட்டார்கள்.

பக்கத்து வீட்டு யான் தாத்தாவை ஞாபகம் இருக்கிறதா? பேரைக் கேட்டதும் 'தொல்காப்பியர் காலத்து ஆளா' என்று சிரித்தீர்களே, அவர்தான். போன ஞாயிறு உள்ளே கூட்டிப்போய்ச் சுவர்களைக் காட்டினார். ஒவ்வொரு விரிசலின் நுனியிலும் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு, பக்கத்தில் தேதி. படுக்கையறைக் கதவுக்கு மேலே ஒரே விரிசலுக்கு ஆறு தேதி. ஆயா சுவரில் கரியால் பால் கணக்குப் போட்டு வைக்குமே, அந்த மாதிரி. தோட்டத்துப் பக்கச் சுவருக்கு மரத்தால் முட்டுக் கொடுத்திருக்கிறது. நஷ்டஈட்டுக்குப் பார்க்க வந்தவர், இந்த விரிசல் குலுக்கலால், அந்த விரிசல் வீடு பழசானதால் என்று பிரித்துச் சொன்னாராம். கிழவருக்கு அதுதான் ஆறவில்லை. கடிதங்களும் பதில்களுமாக ஒரு அலமாரி நிறைய வைத்திருக்கிறார். இந்த வாயுவால் அரசுக்கு 36,000 கோடி யூரோவுக்கு மேல் வருமானம். 2024-ல் சட்டம் போட்டு நிரந்தரமாக மூடிவிட்டார்கள். ஆனாலும் நிலம் அடங்க இன்னும் பல வருடம் ஆகுமாம்.

என் சமையல்கட்டிலும் ஒரு விரிசல் உண்டு, சின்னதுதான். வாடகை குறைவு என்பதற்காக இங்கே வரவில்லை, ஸ்டேஷன் பக்கம், அவ்வளவுதான். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடுவதால் ராத்திரிச் சாப்பாடும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

போன மாதம் ஒரு ராத்திரி லாரி மோதின மாதிரி ஒரு 'டும்'. தட்டுகள் கிணுகிணுத்தன. சட்டையைக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடிவந்துவிட்டேன். 2001-ல் அம்மா எங்களைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வர, தெருவே நடுரோட்டில் நின்றதே. எதிர்வீட்டு அக்கா ஆளாளுக்கு டீ போட்டுக் கொடுத்தார்கள். நீங்கள் வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுபடி வீட்டுக்குள் போய் ரேடியோவை எடுத்து வந்தீர்கள். இங்கே ஒரு கதவும் திறக்கவில்லை அப்பா. யான் தாத்தா வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. பென்சில் தேடியிருப்பார். குளிரில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தேன்.

சரி, அக்கா பையன் காதுகுத்து தை மாதமே நடக்கட்டும். எனக்காகத் தள்ளிப்போட்டால் அத்தான் முகம் சுளிப்பார். லீவு சந்தேகம்தான். தாய்மாமன் மடி இல்லையே என்று அக்கா அழுவாள், பாபு மடியில் உட்கார வையுங்கள், அவனும் மாமன்தானே. தோட்டுக்குப் பணம் மாதக் கடைசியில் வரும். போன தடவை குறைந்தது பாங்க் கமிஷன், வேறொன்றுமில்லை.

பூஜை அறை விரிசலுக்காகச் சித்தப்பாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் பக்கத்துச் சுவரை இடித்ததால் வந்ததா என்று இப்போது யார் சொல்ல முடியும்? இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். பொங்கலுக்குள் கோட்டைத் தாண்டினால் மேஸ்திரியைக் கூப்பிடலாம். பழைய மேஸ்திரி வேண்டாம். மாடிப்படிக்கு வாங்கின முன்பணமே இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
செந்தில்