"எங்கள்"னு நிறுத்திட்டாங்க

டேய்,

உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, இப்பதான் பதில் போடறேன், சாக்கு எதுவும் சொல்லப்போறதில்ல. அம்மாவப் பாத்துக்கறதுலயே நாள் ஓடிருது. மறதி ரொம்ப முத்திருச்சுடா. முந்தாநாள் என்னையே பாத்து "தம்பி, நீங்க யாரு"ன்னாங்க. அவங்க வாயால என்னை "நீங்க"ன்னு கேட்டது வாழ்க்கையில அதுதான் முதல் தடவ.

நீ எழுதினது மண்டையிலயே சுத்திக்கிட்டு இருக்கு. மீட்பு, அதான் பாவத்துலேர்ந்து விடுபட்டு மோட்சம் சேர்றது, எனக்கும் கடவுளுக்கும் நடுவுல உள்ள மேட்டர், இதுல திருச்சபை எதுக்கு, கூட்டம் எதுக்குன்னு கேட்டிருந்த. நானும் அப்படி நெனச்சு வளந்தவன்தானே. ஒன்பது முதல் வெள்ளி ஞாபகம் இருக்கா? தொடர்ந்து ஒன்பது மாசம், மாசத்தோட முதல் வெள்ளிக்கிழமை பூசையில நன்மை (அந்த நற்கருணை அப்பம்) வாங்கினா நல்ல மரணம்னு சொன்னாங்கன்னு ஏழாவது மாசம் காய்ச்சல்ல விட்டுப்போய் மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சேனே. மோட்சத்துக்கு என் ஒருத்தனுக்கு மட்டும் டிக்கெட் கன்ஃபார்ம் பண்ற மாதிரி. பக்கத்துல முட்டி போட்டிருக்கறவன் வந்து சேருவானா மாட்டானான்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல. (அது நீதான்.)

போன வாரம் ராத்திரி ஜெபமாலை சொல்லிக்கிட்டிருந்தோம். அம்மாதான் எப்பவும் ஆரம்பிப்பாங்க, அதுவும் இயேசு கத்துக்கொடுத்த ஜெபத்தோட அந்தப் பழைய மந்திரத்துலதான். அன்னிக்கு "பரலோகத்திலே இருக்கிற எங்கள்"னு சொல்லிட்டு நின்னுட்டாங்க. மறுபடி "எங்கள்". அதுக்கு மேல வரல. கட்டவிரல் மட்டும் ஒரே மணிய தேய்ச்சுக்கிட்டே இருக்கு, கண்ணு எங்கயோ இருக்கு. தங்கச்சிதான் மெதுவா "பிதாவே"ன்னு எடுத்துக் கொடுத்தா, அப்புறம் நாங்க சொல்லச் சொல்ல அவங்க உதடு பின்னாடியே அசைஞ்சுது, சத்தம் இல்ல.

அன்னிக்கு தூக்கம் வரல. அவரவர் மனசுல இருக்கிற விசுவாசம் மட்டும்தான் மீட்புன்னா, நாளைக்கு இயேசு யாருன்னே மறந்துட்டா அம்மா கதி என்ன? அப்பதான் மாற்கு நற்செய்தி 2-ம் அதிகாரத்துல வர்ற அந்த முடக்குவாதக்காரன் ஞாபகத்துக்கு வந்தான். நாலு பேர் அவனத் தூக்கிட்டு வந்து, கூட்டத்துல நுழைய முடியாம கூரையப் பிரிச்சு கட்டிலோட இறக்குறாங்க. "அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டு"ன்னு இருக்கு பாரு, "அவனுடைய"ன்னு இல்ல. அந்தாளு கடைசி வரைக்கும் ஒரு வார்த்த பேசல. ஞானஸ்நானத்துல தூங்கிக்கிட்டிருக்கிற கைக்குழந்தைக்காக பெத்தவங்களும் ஞானப்பெற்றோரும் "விசுவசிக்கிறேன்"னு சொல்றதும் இதே கதைதானே. பூசையில சமாதானம் சொல்றதுக்கு முன்னாடி சாமியார் கடவுள்கிட்ட என்ன கேக்குறாரு? எங்க பாவத்தப் பாக்காதீங்க, உங்க திருச்சபையோட விசுவாசத்தப் பாருங்கன்னு. இத்தன வருசம் இது என் காதுலயே விழல.

இது புதுசும் இல்ல. மூணாம் நூற்றாண்டுலயே கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான், நாம "என் தந்தையே"ன்னு ஜெபிக்கறதில்ல, "எங்கள் தந்தையே"ன்னுதான் சொல்றோம்னு எழுதிட்டாரு. கடவுள் மனுசங்கள ஒருத்தருக்கொருத்தர் ஒட்டுறவு இல்லாம தனித்தனியா மீட்க விரும்பல, ஒரே மக்களா சேத்து மீட்கத்தான் விரும்பினாருன்னு உலகத்து ஆயர்கள் எல்லாம் கூடின இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1964-ல திருச்சபை பத்தின ஆவணத்துல சொல்லுது. 2007-ல பெனடிக்ட் போப் இன்னும் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா, யாரும் தனியா பாவம் செய்யறதில்ல, யாரும் தனியா மீட்கப்படறதும் இல்லன்னு எழுதினாரு.

நீ உடனே கேப்ப, அப்ப அடுத்தவன் முதுகுல சவாரி பண்ணிட்டுப் போயிரலாமான்னு. அப்படி இல்லடா, ஒவ்வொருத்தரும் கடவுள்கிட்ட கணக்கு கொடுக்கணும்னு பவுலே உரோமையருக்கு எழுதியிருக்காரு, அந்த முடக்குவாதக்காரனும் கடைசியில தானேதான் எந்திரிச்சு கட்டிலத் தூக்கிட்டு நடந்தான். கணக்கு அவரவருதுதான், ஆனா அங்க போய்ச் சேர்றதுக்கு தோள் கொடுக்க ஆள் வேணும். அதே மாதிரி, கூட்டம்னா உள்ள இருக்கறவன் மட்டும்னும் அர்த்தம் இல்ல. பாஸ்டன்ல பீனின்னு ஒரு சாமியார் திருச்சபைக்கு வெளிய இருக்கிற யாருக்கும் மீட்பு இல்லன்னு ஒரே பிடியா நின்னாரு, அப்படி இறுக்கிப் பிடிக்காதீங்கன்னு ரோம் 1949-லயே விளக்கம் அனுப்பிச்சு, மனுசன் மசியல, கீழ்ப்படியலன்னு 1953-ல அவரையே சபை நீக்கம் பண்ணிட்டாங்க. வெளிய இருக்கறவனுக்கு இல்லன்னு சொன்னவரு கடைசியில தானே வெளிய நின்னாரு. 1972-ல திரும்பச் சேத்துக்கிட்டாங்க, அதுவும் நல்லதுதான்.

அப்புறம் நாம எதையெல்லாம் நம்பறோம்னு அறிக்கையிடற விசுவாசப் பிரமாணத்துல "அர்ச்சியசிஷ்டவர்களுடைய சமுதீதப் பிரயோசனம்"னு சின்ன வயசுல நாம பல்ல உடைச்சுக்கிட்டு ஒப்பிப்போமே, இப்ப அத "புனிதர்களுடைய சமூக உறவு"ன்னு மாத்திட்டாங்க. புரியறது என்னமோ புதுசுதான், ஆனா எனக்கு அந்தப் "பிரயோசனம்" பிடிச்சிருக்குடா. ஒருத்தரோட நல்லது இன்னொருத்தருக்குப் பிரயோசனப்படுது, உசுரோட இருக்கறவங்க ஜெபம் செத்தவங்களுக்குப் பிரயோசனப்படுது. புனித அகுஸ்தீனோட அம்மா மோனிக்கா 387-ல ஓஸ்தியாவுல சாகக் கெடக்கும்போது, என் உடம்ப எங்க வேணா புதைங்க, பூசை பீடத்துல மட்டும் என்னை நெனைச்சுக்கோங்கன்னாங்களாம்.

கோயிலுக்குப் போறத விட்டு வருசக்கணக்காச்சு, எனக்காக யாரும் ஜெபிக்க வேணாம்னு எழுதியிருந்தியே. உன் விஷயத்துல நான் வாயத் திறக்கல. ஆனா நவம்பர் 2 கல்லறைத் திருநாள் பூசைக்கு பேர் குடுக்கும்போது எங்கப்பா பேருக்குக் கீழ உங்கப்பா பேரையும் எழுதிட்டேன். கேக்காம எழுதினதுக்குத் திட்டறதா இருந்தா போன்ல திட்டு, லெட்டர்ல வேணாம், உன் கையெழுத்து எனக்குப் புரியவே மாட்டேங்குது.