கண்டியின் காசல் வீதியை மறந்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கண்டி நகரத்தின் பழைய கடைவீதிகளைப் பற்றி யார் எழுதினாலும் தலதா வீதியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆங்கிலேயர் காலத்தில் அது வார்ட் வீதி, ஆளுநர் ஹென்றி வார்ட் பெயரில் வந்தது. குயின்ஸ் ஹோட்டலும் அங்கேதான். சரி, எழுதட்டும். ஆனால் தேயிலைத் தோட்டத்து மக்களுக்குக் கண்டி என்றால் காசல் வீதியும் கொழும்பு வீதியும்தான்.

1867இல் ரயில் கண்டிக்கு வந்தது, அதே ஆண்டில்தான் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார், மலையில் தேயிலை பெருகப் பெருக எங்கள் ஆட்களின் கூலிக்காசு இந்த வீதிகளுக்கு வந்து சேர்ந்தது. தீபாவளி முற்பணம் கிடைத்த மறுநாளே அப்பா என்னை பஸ்ஸில் கூட்டிவருவார். புடவைக் கடை மேசையின் விளிம்பில் கஜ அளவுக்குப் பித்தளை ஆணிகள் அடித்திருக்கும், முதலாளி சீத்தைத் துணியை அதில் இழுத்துப் பிடித்து அளந்து, அப்புறம் ஒரு சாண் கூடவே விட்டுக் கிழிப்பார். அந்தக் கிழிபடும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

1983 ஜூலையில் இந்த வீதிகளின் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. அதை எழுதாமல் கண்டிக் கடைவீதிக்கு வரலாறு எழுத முடியாது ஐயா.

அன்று கடை வைத்திருந்தவர்களில் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி அவர்களிடம் கேட்டு எழுதுங்கள், பழைய பற்றுச்சீட்டும் படமும் இருந்தால் அவற்றையும் போடுங்கள்.

இப்படிக்கு,
கண்டி வாசகர் ஒருவர்