சார்லஸ்டன் துறைமுகத்திலிருந்து அப்பாவுக்கு

சார்லஸ்டன், தென் கரோலினா
மே 13

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். கண் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கூட ஆகவில்லை, அதனால் இதை நீங்களே வாசிக்க வேண்டாம். தம்பியை வாசிக்கச் சொல்லுங்கள். மாலத்தீவுக்குத் தோணி கொண்டுபோன நாட்களில், ஊர் திரும்பியதும் நீங்கள் முதலில் கேட்பது கடிதம் ஏதும் வந்ததா என்றுதான் என்று அம்மா சொல்வார்கள். போன வாரம் போனில் ஒரு கப்பலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் நின்றுவிட்டது. அதை நிதானமாக எழுதத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஊரைப் பற்றி. வந்து பத்து மாதம் ஆகிவிட்டது. இங்கே வெக்கை நம் ஊர் வெக்கைதான், ஏப்ரல் முடிந்தாலே உடம்பு பிசுபிசுக்கிறது. கடல் உள்வாங்கும் வற்றத்தில் சேற்று வாடை தெருவரைக்கும் வரும். எல்லோரும் மூக்கைப் பொத்துகிறார்கள், எனக்கு அது வீட்டு வாடை. பெரிய ஓதம் வந்தால் மழையே இல்லாமல் கடல்தண்ணீர் சாக்கடை வழியாக ஏறி ரோட்டில் நிற்கும். நைட் டூட்டிக்குக் கிளம்பும்முன் ஓத நேரம் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறோம். சாப்பாட்டுக்குக் கஷ்டமே இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். சோறு உண்டு, இறால் உண்டு, வெண்டைக்காயை இறாலோடு சேர்த்துக் குழம்பாக வைக்கிறார்கள். ஒரு காலத்தில் அரிசியால் பணம் கொழித்த ஊர் இது. சேற்றில் நின்று அந்த நெல்லை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள்.

என்னோடு வேலை செய்யும் ஒரு அக்கா இதே மாநிலத்துப் பியூஃபோர்ட் ஊர்க்காரர், அந்த அடிமைகளின் வழியில் வந்தவர். நான் தோணி ஓட்டிய தண்டலின் மகள் என்று சொன்னதும், "அப்படியென்றால் பிளாண்டர் கப்பலை உனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே" என்றார். தெரியாது என்றேன். அன்று இரவு இடைவேளை முழுக்க அந்தக் கதைதான்.

1861 ஏப்ரல் 12இல் இந்தத் துறைமுக வாயில் இருக்கும் சம்டர் கோட்டையைச் சுட்டுத்தான் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. ஒரு வாரத்தில் ஜனாதிபதி லிங்கன், பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் கரையை அடைக்கச் சொல்லிவிட்டார். சுமார் 3,500 மைல் கரை. பருத்தி வெளியே போகக் கூடாது, துப்பாக்கி உள்ளே வரக் கூடாது. இங்கே வெளிக்கடலில் வடக்கின் கப்பல்கள் வரிசை கட்டி நங்கூரமிட்டிருந்தன. சாம்பல் நிறம் பூசிய வேகமான நீராவிக் கப்பல்கள் நிலா இல்லாத இரவுகளில் அவற்றின் நடுவே நழுவி, பகாமாஸ் தீவுகளில் உள்ள நசாவ் துறைமுகத்துக்கு ஓடிப்போய்த் திரும்பின. அதே 1861 டிசம்பரில் வடக்குக் கடற்படை பழைய திமிங்கில வேட்டைக் கப்பல்களில் கல்லை நிரப்பிக் கொண்டுவந்து, கால்வாய் வாயிலேயே மூழ்கடித்தது. நீங்களாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பீர்கள், அது நிற்காது என்று. நீரோட்டம் வேறு பக்கம் அரித்து வழி செய்துகொண்டது.

அந்த நாலு வருஷம் இங்கிலாந்து ஆலைகளுக்கு இங்கிருந்து பஞ்சு போகாததால்தான் நம் பக்கத்துக் கரிசல் பருத்திக்கு விலை ஏறியது. தூத்துக்குடியில் பொதி ஏறியதற்கும் இந்த வாயில் கப்பல் நின்றதற்கும் தொடர்பு இருந்திருக்கிறது என்று இங்கே வந்துதான் எனக்குத் தெரிந்தது.

சரி, பிளாண்டருக்கு வருகிறேன். 1860இல் இதே ஊரில் கட்டிய மரக்கப்பல். நீராவி இயந்திரம், இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம், 147 அடி நீளம். நாலடிக்கும் குறைவான தண்ணீர் போதும், மிதந்துவிடும். பீ டீ ஆற்றில் பருத்தி ஏற்றத்தான் கட்டினார்கள். போர் வந்ததும் தெற்கு ராணுவம் எடுத்துக்கொண்டு இரண்டு பீரங்கியைப் பொருத்தியது. கோட்டைக்குக் கோட்டை ஆளும் குண்டும் கொண்டுபோக, ஆழம் பார்க்க, கண்ணிவெடி போட என்று உள்துறைமுகத்தில் ஓயாமல் ஓடியது. அதன் சுக்கானைப் பிடித்தவர் ராபர்ட் ஸ்மால்ஸ், பியூஃபோர்ட்டில் பிறந்த அடிமை. வயது 23. எந்தத் திட்டில் எவ்வளவு தண்ணீர், எந்த இடத்தில் வெடி கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். செய்தது கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் வேலை. ஆனால் கறுப்பரைப் பைலட் என்று சொல்லக் கூடாது, வெறும் சுக்கானி என்றுதான் சொல்வார்கள். நீங்களும் சுக்கானியாக இருந்துதானே தண்டல் ஆனீர்கள். அவருக்கு அந்தப் படியே கிடையாது. அவர் சம்பளத்தின் பெரும்பகுதி எஜமானுக்குப் போய்விடும். மனைவியையும் மகளையும் விலைக்கு வாங்கி விடுவிக்க 800 டாலர் கேட்டார்கள், அவரால் சேர்க்க முடியவில்லை.

1862 மே 12 பகலில் பிளாண்டர் கோல்ஸ் தீவுக்குப் போய், அங்கே கழற்றிய நாலு பீரங்கிகளை வேறொரு கோட்டைக்காக ஏற்றிவந்தது. அன்றிரவு கேப்டனும் மற்ற இரண்டு வெள்ளை அதிகாரிகளும் உத்தரவை மீறிக் கரைக்குப் போய்விட்டார்கள். விடிந்தால் 13, இதே தேதி. சுமார் 3 மணிக்கு ஸ்மால்ஸும் மற்ற அடிமை மாலுமிகளும் கொதிகலனுக்குத் தீ மூட்டினார்கள். கேப்டனின் மேல்சட்டையையும் வைக்கோல் தொப்பியையும் ஸ்மால்ஸ் போட்டுக்கொண்டார். வேறொரு துறையில் ஒளிந்திருந்த பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டார்கள். மொத்தம் 16 பேர்.

இனிமேல் உள்ளதை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அவசரப்பட்டால் சந்தேகம் வரும், தாமதித்தால் வெளிச்சம் வந்துவிடும். தினமும் போகிற அதே வேகத்தில் கப்பல் போனது. ஸ்மால்ஸ் கேப்டனைப் போலவே கைகட்டி, அவரைப் போலவே சாய்ந்து நின்றார். சம்டர் கோட்டையின் பீரங்கிகளுக்கு நேர் கீழே வந்ததும் கயிற்றை இழுத்து, இரண்டு நீளம், ஒரு குட்டை என்று சரியான ஊதலைக் கொடுத்தார். கோட்டைக்காரர்கள் போகச் சொன்னார்கள். குண்டு எட்டாத தூரம் வந்தபிறகுதான் தெற்குக் கொடியை இறக்கி, ஒரு படுக்கை விரிப்பை வெள்ளைக் கொடியாக ஏற்றினார்கள். அது அவர் மனைவி ஹன்னா கொண்டுவந்தது, அவர் ஒரு ஹோட்டலில் வேலை செய்தவர். வெளியே நின்ற வடக்கின் ஆன்வர்ட் கப்பல் மூடுபனியில் இவர்களை எதிரி என்று நினைத்துப் பீரங்கியைத் திருப்பிவிட்டது. வெள்ளைத் துணி கண்ணில் பட்டது, பிழைத்தார்கள்.

கப்பலையும் பீரங்கிகளையும் விட, அவர் தலைக்குள் இருந்ததுதான் வடக்குக்குப் பெரிய சரக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. கோல்ஸ் தீவைத் தெற்குப் படை காலி செய்துவிட்டது என்று சொன்னவர் அவர்தான். ஒரு வாரத்தில் வடக்கின் கப்பல்கள் ஸ்டோனோ ஆற்றுக்குள் நுழைந்துவிட்டன. அவருக்குப் பரிசுப் பணமாக 1,500 டாலர் கொடுத்தார்கள். பிளாண்டரின் மதிப்புக்கு அது மிகவும் குறைவு. அக்கா அதைச் சொல்லும்போது இன்றைக்கும் கோபப்படுகிறார், எனக்கும் கோபம் வந்தது.

அதே கப்பல் இப்போது முற்றுகையின் பக்கம் நின்றது. ஆனால் அது விறகு எரிக்கிற கப்பல், கடற்படைக்கு அங்கே விறகு கிடைக்கவில்லை. அதனால் அந்த ஆண்டே வடக்கு ராணுவத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஆளும் தளவாடமும் ஏற்றியது. 1863 ஏப்ரலில் ஸ்மால்ஸ் கியோகக் என்ற இரும்புக் கவசக் கப்பலுக்கு வழிகாட்டியாக இதே வாயிலுக்குள் வந்தார். சுமார் 90 குண்டு பட்டு மறுநாள் காலை அது மூழ்கியது. அவர் தப்பிவிட்டார். அந்த ஆண்டுக் கடைசியில் பிளாண்டர் குண்டுமழையில் மாட்டியபோது அதன் வெள்ளைக் கேப்டன் சரணடையச் சொன்னாராம். பிடிபட்டால் கறுப்பு மாலுமிகளுக்கு என்ன நடக்கும் என்று ஸ்மால்ஸுக்குத் தெரியும். மறுத்துவிட்டுத் தானே கப்பலை வெளியே கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அவரைக் கேப்டன் ஆக்கினார்கள். அப்பா, சுக்கானி தண்டல் ஆகிவிட்டார்!

1865 ஏப்ரல் 14 அன்று சம்டர் கோட்டையில் மறுபடி கொடி ஏற்றியபோது, விடுதலையான மக்களை நிரப்பிக்கொண்டு பிளாண்டர் அங்கே வந்தது. ஸ்மால்ஸ் பின்னாளில் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் ஆனார். தன்னை அடிமையாக வைத்திருந்தவரின் வீட்டையே பியூஃபோர்ட்டில் வாங்கினார். அந்த வீடு இன்னும் இருக்கிறது, அடுத்த மாதம் அக்கா கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறார்.

போருக்குப் பின் கப்பல் பழைய முதலாளியிடமே போய்ப் பழையபடி சரக்கு ஏற்றியது. 1876 மார்ச்சில் கேப் ரோமைன் பக்கம் தரைதட்டிய ஒரு பாய்க்கப்பலை இழுக்கப் போன இடத்தில் கப்பலின் முன்பக்கம், அணியத்தில் பலகை விட்டுப்போனது. சரிசெய்யலாம் என்று கரையில் ஏற்றினார்கள், புயல் வந்து உடைத்துவிட்டது. குடும்பத்தில் ஒருவரைப் பறிகொடுத்ததுபோல இருக்கிறது என்று ஸ்மால்ஸ் வருந்தினாராம். உங்கள் தோணியை உடைக்க விற்ற அன்று நீங்கள் சாப்பிடாமல் படுத்திருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. 2014இல் மணலுக்கு அடியில் அது கிடக்கும் இடத்தைக் கண்டுபிடித்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

இன்று டூட்டி முடிந்து நேராகப் பேட்டரி என்கிற கரைக்குப் போனேன். விடிகிற நேரம், வாயில் சம்டர் கோட்டை ஒரு கறுப்புக் கோடு மாதிரி தெரிந்தது. நான் பார்த்தபோது வற்றம், தண்ணீர் வெளியே இழுத்துக்கொண்டிருந்தது.

நான் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அணியத்தில் பலகை விட்டுவிட்டால், இழுவையை அறுத்துவிட்டு ஆழத்தில் நிற்பீர்களா, அவர்களைப் போலக் கரையில் ஏற்றுவீர்களா? ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லுங்கள். பணம் தம்பி கணக்குக்கு அனுப்பிவிட்டேன். பனிமய மாதா திருவிழாவுக்கு அம்மாவுக்குச் சேலை எடுத்துவிடுங்கள். சொட்டு மருந்தை மறக்க வேண்டாம்.

உங்கள் அன்பு மகள்